ஊரில் நிலம், சிங்கப்பூரில் கடன்

குவீன்ஸ்டவுனிலும் இத்தீவின் மற்றப் பேட்டைகளிலும் குடியிருந்துகொண்டு, தமிழ்நாட்டில் மனையோ வயலோ பூர்வீக வீட்டில் ஒரு பங்கோ வைத்திருக்கும் தமிழர்களுக்கு,

சிங்கப்பூரில் நொடிப்பு ஆணை பிறந்ததுமே கடனாளியின் சொத்துகள் அவர் கையை விட்டுப் போய்விடுகின்றன. அஃபிஷியல் அசைனி எனப்படும் அரசுச் சொத்தாட்சியரோ, நீதிமன்றம் நியமிக்கும் தனியார் பொறுப்பாளரோ அவற்றுக்கு உரியவர் ஆகிறார். 2020 ஜூலை 30 முதல் நடப்பில் இருக்கும் நொடிப்பு, மறுசீரமைப்பு, கலைப்புச் சட்டம் சொத்து என்பதில் பணம், பொருள், நிலம் எல்லாவற்றையும் சேர்க்கிறது. அவை எங்கே இருந்தாலும் சரி என்கிறது. எங்கே இருந்தாலும் என்றால் அறந்தாங்கியும் அடக்கம், மன்னார்குடியும் அடக்கம். உங்களில் பலர் நம்பிக்கொண்டிருப்பது இதற்கு நேர்மாறு. ஊர் நிலத்தில் சிங்கப்பூர் கோர்ட்டுக்கு என்ன வேலை, கடல் தாண்டி யார் வந்து அளக்கப் போகிறார்கள் என்ற பேச்சைத் தேக்காவிலும் கேட்கலாம், குவீன்ஸ்டவுன் காப்பிக் கடையிலும் கேட்கலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. குடும்பங்களைக் கவிழ்ப்பது அந்தப் பாதிதான்.

நொடிப்பு பெரும் வணிகர்களுக்கு மட்டும் நேர்வதன்று. 15,000 வெள்ளி கடன் போதும். 2016 வரை 10,000 வெள்ளியே போதுமானதாக இருந்தது. கடன் கொடுத்தவர் சட்டப்படியான கோரிக்கைக் கடிதத்தை அனுப்பி, 21 நாளில் பணமும் வராமல் சமரசமும் ஏற்படாமல் போனால் உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம். இரண்டு கடன் அட்டைகள், ஒரு தனிநபர் கடன், உரிமம் பெற்ற கடன் கொடுப்பவரிடம் மாதம் 4 விழுக்காடு வட்டிக்கு வாங்கிய தொகை, நண்பரின் கடைக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து: இவை சேர்ந்தாலே அந்த எல்லையைத் தாண்டிவிடும். குடிமக்கள், நிரந்தரவாசிகள் மட்டுமல்ல, இங்கே வேலை அனுமதியில் வசிப்பவர்கள்மீதும் மனு போட முடியும்.

சட்டம் சிலவற்றைக் கடனாளியிடமே விட்டுவைக்கிறது. மத்திய சேமநிதிப் பணம், தொழிற்கருவிகள், வீட்டுக்கு அத்தியாவசியமான சாமான்கள் ஆகியவற்றில் சொத்தாட்சியர் கை வைப்பதில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் உரிமையாளர்களில் ஒருவராவது சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால் அந்த வீடும் சொத்தாட்சியர் கைக்குப் போவதில்லை. வீட்டுக் கடனின் தவணை நின்றால் அடமானம் பிடித்தவர் நடவடிக்கை எடுப்பது வேறு கதை. வீவக வீட்டுக்கான இந்த விலக்கு குவீன்ஸ்டவுனில் ஒரு விசித்திரமான நிலையை உண்டாக்குகிறது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் முதல் அடுக்குமாடிகள் எழுந்த ஸ்டெர்லிங் சாலை இங்கேதான் இருக்கிறது. டாசனில் மறுவிற்பனை வீடுகள் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டி விலைபோகின்றன. அத்தகைய வீட்டில் இருப்பவர் நொடித்தால் வீடு அவரிடமே இருக்கும். அவருடைய தாத்தா விட்டுப்போன முப்பது சென்ட் புஞ்சையோ கணக்கில் வரும். இங்கே தலைக்கு மேல் கூரை வேண்டும் என்ற கரிசனம் நியாயமானதே. ஆனால் ஊரில் வயதான தாய் குடியிருக்கும் ஓட்டு வீட்டின்மீதும் அதே கரிசனம் படவில்லை என்ற உங்கள் மனக்குறையை ஒதுக்கித் தள்ள முடியாது. வெளிநாட்டில் இருக்கும் குடும்ப வீட்டுக்கு அப்படியொரு பொது விலக்கைச் சட்டம் தரவில்லை.

வெளிநாடு என்றாலே ஒரே விதி என்றும் எண்ண வேண்டாம். ஜொகூர் பாருவில் வீடு வைத்திருப்பவருக்குப் பிரச்சினை சுருக்கமானது. மலேசியாவின் 1967ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தின் 104ஆம் பிரிவு, சிங்கப்பூரில் நொடித்தவரின் மலேசியச் சொத்து சிங்கப்பூரின் சொத்தாட்சியரிடமே சேரும் என்கிறது. மலேசிய நீதிமன்றங்கள் அவருடைய உரிமையை ஏற்க வேண்டும். சிங்கப்பூரும் மலேசியாவுக்கு அதே மரியாதையைத் தருகிறது. ஒரே நாடாக இருந்து பிரிந்த இரண்டு நாடுகள் இந்த ஒரு கதவை மட்டும் மூடாமல் விட்டிருக்கின்றன.

இந்தியாவுடன் அப்படியொரு கதவு இல்லை. பொதுச் சட்ட மரபில் வந்த நாடுகளில், நிலத்தின் உரிமையை அந்த நிலம் கிடக்கும் நாட்டின் சட்டமே தீர்மானிக்கும் என்பது பழைய விதி. வெளிநாட்டு நொடிப்பு ஆணை ஒருவரின் வங்கிக் கணக்கையோ பங்குகளையோ எட்டலாம். நிலத்தைத் தானாக எட்டாது. 2024 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் கிரீவா - பெட்ஜாமொவ் வழக்கில் இதை மறுபடி உறுதிசெய்தது. ரஷ்யாவில் நொடித்தவரான பெட்ஜாமொவின் லண்டன் பெல்கிரேவ் சதுக்க வீட்டை ரஷ்ய நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் கேட்டார்; கிடைக்கவில்லை. இந்தியாவிலும் இதே போக்குத்தான். ஒரு பெங்களூர் முதலியார் குடும்பத்தின் சொத்துத் தகராறில், மைசூர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அப்போது அதற்கு அயல்நாடாக இருந்த சென்னை மாகாணத்தின் அசையாச் சொத்தைக் கட்டுப்படுத்தாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1960களின் தொடக்கத்தில் தீர்ப்பளித்தது. 2016இல் வந்த இந்திய நொடிப்புச் சட்டத்தின் 234, 235 பிரிவுகள் பிற நாடுகளோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வழிவிட்டன. சிங்கப்பூரோடு அப்படி ஒப்பந்தம் ஏற்படவில்லை. அதே சட்டத்தின் தனிநபர் பகுதிகூட 2019 டிசம்பரில் நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்கு இன்னும் 1909, 1920ஆம் ஆண்டுச் சட்டங்களே. 500 ரூபாய்க் கடனுக்கு மஞ்சள் கடுதாசி கொடுக்க அனுமதித்த காலத்துச் சட்டங்கள் அவை. சிங்கப்பூரும் 2017இல் எல்லை தாண்டிய நொடிப்புக்கான ஐநா மாதிரிச் சட்டத்தை நிறுவனங்களுக்காக ஏற்றுக்கொண்டதே தவிர, தனிநபர்களை அதில் சேர்க்கவில்லை.

ஆக, சிங்கப்பூர் ஆணையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாரும் புதுக்கோட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டாவை மாற்றிவிட முடியாது. நீங்கள் நம்பும் பாதி உண்மை இவ்வளவுதான்.

மீதிப் பாதி நிலத்தைப் பற்றியதன்று, ஆளைப் பற்றியது. நிலம் சிங்கப்பூர் நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. நிலத்துக்குரியவர் உள்ளே இருக்கிறார். ஆணை வந்த 21 நாளுக்குள் அவர் தம் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் எழுதி விவர அறிக்கை தர வேண்டும். சொத்தை விற்றுப் பணமாக்கத் தம்மால் ஆன எல்லா உதவியும் செய்வது அவர் கடமை. ஊர் நிலத்தைப் பொறுத்தவரை உதவி என்றால் கையெழுத்து: பவர் பத்திரத்தில், கிரயப் பத்திரத்தில், வங்கிப் படிவத்தில். சிங்கப்பூரில் நோட்டரிமுன் போட்டு அப்போஸ்டில் முத்திரை வாங்கிய கையெழுத்தை இந்தியாவில் ஏற்கிறார்கள். சிங்கப்பூர் 2021 செப்டம்பரில் அப்போஸ்டில் உடன்படிக்கைக்குள் வந்தது, இந்தியா அதற்கு முன்பே இருந்தது. சொத்தாட்சியர் நிலத்தைத் தேடி விமானம் ஏறத் தேவையில்லை. கையெழுத்துப் போட மறுப்பவரும் சொத்தை மறைப்பவரும் குற்றவாளி ஆகிறார்கள். அபராதமும் சிறையும் உண்டு. அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போவதும் குற்றம். ஊரில் தந்தை இறந்தாலும் முதலில் அனுமதிக்கு விண்ணப்பம், பிறகுதான் பயணச்சீட்டு.

சிங்கப்பூர் நொடிப்புச் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, முதன்முறை நொடித்தவர் பொதுவாக 5 முதல் 7 ஆண்டுகளில் விடுபட வழி பிறந்தது. வருமானத்தையும் குடும்பச் செலவையும் பார்த்து நிர்ணயிக்கும் தொகையைக் கட்டி முடித்தவரின் பெயர் பிற்பாடு பதிவேட்டிலிருந்து நீங்கும்; கட்டாமலே வெளியே வருபவரின் பெயர் நிரந்தரமாக அங்கே நிற்கும். ஒத்துழைக்காதவருக்கு இந்தக் காலமெல்லாம் நீள்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். நொடிப்பிலிருந்து விடுபடுவதால், ஏற்கெனவே சொத்தாட்சியரைச் சேர்ந்த சொத்து திரும்பி வந்துவிடாது. ஏழு ஆண்டு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் நிலம் தப்பிவிடும் என்று கணக்குப் போடுபவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். எட்டாவது ஆண்டில் அதை விற்க முனையும்போதும் சிங்கப்பூர்ச் சட்டத்தின் பார்வையில் அது அவர்களுடைய நிலம் அன்று.

மறைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு, அதை வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு. வீவக மறுவிற்பனை வீடு வாங்கும்போது வெளிநாட்டில் சொந்தக் குடியிருப்பு இருந்தால் அதைக் குறித்த காலத்தில் விற்க வேண்டும் என்ற விதி 2010இல் வந்தது. திருச்சியில் கட்டிய வீட்டை அப்போது சொல்லாமல் விட்டவர், நொடிப்பு அறிக்கையில் அதை எழுத அஞ்சுகிறார். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று தேவைப்படுகிறது; இரண்டாவதற்குத் தண்டனை அதிகம்.

இந்த அச்சத்தில்தான் அந்த ஆலோசனை வருகிறது: தம்பி பேருக்கு எழுதி வைத்துவிடு. நிலத் தரகர் சொல்வார், மாமா சொல்வார், நொடித்து மீண்டதாகச் சொல்லிக்கொள்ளும் யாரோ ஒருவரும் சொல்வார். உங்களுக்கு எழுதப்படும் இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பத்தியை மறக்க வேண்டாம். நொடிப்பு மனு போடப்பட்ட நாளிலிருந்து பின்னோக்கி 3 ஆண்டுக்குள், கடனைத் தீர்க்க முடியாத நிலையில், சும்மாவோ அடிமாட்டு விலைக்கோ கைமாற்றிய சொத்தைத் திரும்பக் கொண்டுவரும்படி நீதிமன்றம் உத்தரவிட முடியும். வாங்கியவர் நெருங்கிய உறவினர் என்றால், கொடுத்தபோது கடனாளி நொடிந்த நிலையில் இருந்தார் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது குடும்பத்தின் பாடு. மற்றக் கடன்காரர்களை விட்டுவிட்டு அண்ணனுக்கு மட்டும் கடனைத் தீர்க்கும் வகையில் நிலத்தைக் கொடுத்தாலும் 2 ஆண்டு வரை பின்னோக்கிப் பார்ப்பார்கள்.

இந்தியாவிலும் இந்தத் தந்திரத்துக்குப் பாதுகாப்பு இல்லை. கடன்காரர்களை ஏமாற்றச் செய்த கைமாற்றத்தை அவர்கள் கேட்டால் ரத்து செய்யலாம் என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 53ஆம் பிரிவு சொல்கிறது. பெயர் தம்பிக்கு, உரிமை எனக்கு என்ற ஏற்பாடு பினாமி. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் அதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி, சொத்தையே பறிமுதல் செய்ய வழிசெய்கின்றன. தடயமும் அழியாது. தான செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம், பவர் எதுவானாலும் பதிவுசெய்த தேதியோடு வில்லங்கச் சான்றிதழில் வந்து நிற்கும். தமிழ்நாடு பதிவுத் துறையின் இணையதளத்தில் அதைச் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம். மூன்றாவது ஆபத்து சட்டத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறது: எழுதி வாங்கிய தம்பி திருப்பித் தர மறுத்தால், எந்த நீதிமன்றத்தில் போய் எதைச் சொல்லிக் கேட்பது?

மற்றொரு பக்கமும் திறந்திருக்கிறது. நொடிப்பு ஆணைக்காகக் காத்திராமல், சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில் பணத் தீர்ப்பு வாங்கிய வங்கியோ தனியாரோ நேரே இந்தியாவுக்குப் போகலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44அ பிரிவின்கீழ் இந்தியா அங்கீகரித்த நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. அந்தத் தீர்ப்பின் சான்றுபெற்ற நகலை மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால், அதே நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் போல அதை நிறைவேற்றலாம். நிலத்தை ஜப்தி செய்வதும் அதில் அடங்கும். சிறு கடனுக்கு யாரும் இந்தச் செலவைச் செய்யமாட்டார்கள். பெரிய கடனுக்குச் செய்வார்கள்.

நிலம் இல்லை என்று எழுதுவதற்குமுன் உண்மையிலேயே இல்லையா என்று பார்ப்பதும் அவசியம். 1932இல் ரயில்வேத் தொழிலாளர்களின் வழிபாட்டில் தொடங்கிய குவீன்ஸ்டவுன் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயத்துக்கு இன்று வரும் குடும்பங்கள் பலவற்றுக்கு ஊரோடு தொடர்பு தேய்ந்திருக்கலாம். தாத்தா பெயரில் பாகம் பிரிக்காத நிலம் மட்டும் அங்கே கிடக்கலாம். கூட்டுப் பட்டாவில் பெயர் இல்லாவிட்டாலும் பங்கு இருக்கும். பெண்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989இலும், மத்திய அரசு நாடு முழுவதற்கும் 2005இலும் சட்டமாக்கின. 2020 ஆகஸ்டில் வினிதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் எஞ்சிய ஐயத்தையும் நீக்கியது. சீர் செய்து அனுப்பியதோடு முடிந்தது என்று நினைக்கும் ஒரு பெண், இங்கே நொடித்தால், தமக்கே தெரியாத ஒரு பங்கைச் சொல்லாமல் விட்டவர் ஆகக்கூடும். நொடிப்பில் இருக்கும் காலத்தில் பெற்றோர் இறந்து வந்துசேரும் பங்கும் சொத்தாட்சியருக்கே உரியது. அந்த நேரத்தில் அண்ணன் நீட்டும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட நொடித்தவருக்கு அதிகாரம் இல்லை.

இந்திய வங்கியில் வாங்கிய வீட்டுக் கடன் வேறொரு வகை. அடமானம் பிடித்த வங்கி நொடிப்புக்கு வெளியே நின்று தன் பிணையை விற்கலாம். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி அதற்கு நீதிமன்றத்தின் அனுமதிகூடத் தேவையில்லை. விவசாய நிலம் மட்டும் அந்தச் சட்டத்துக்கு விலக்கு. சிங்கப்பூரில் நொடிப்பு முடிந்தது என்பதால் இந்தியச் சட்டத்துக்கு உட்பட்ட அந்தக் கடனும் தீர்ந்துவிட்டது என்று அங்குள்ள வங்கி ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை.

சொத்தைச் சொல்லிவிட்டால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு வருவோம். பயப்படும் அளவுக்கு எதுவும் வேகமாக நடப்பதில்லை. வெளிநாட்டில் வசிப்பவரின் விவசாய நிலத்தை இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு மட்டுமே விற்க முடியும். விற்ற பணம் வரி பிடித்தம் போக, வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கில் விழ வேண்டும். நிதியாண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரம்புக்குள், தணிக்கையாளர் சான்றோடு வெளியே வர வேண்டும். பாகம் பிரிக்காத கால் பங்கை வாங்க வெளியார் யாரும் முன்வரமாட்டார்கள். இந்தச் செலவையும் அலைச்சலையும் கடன்காரர்களுக்குக் கிடைக்கப்போகும் தொகையோடு சொத்தாட்சியர் ஒப்பிட்டுப் பார்ப்பார். பாரமான சொத்தைக் கைவிட அவருக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது. முறையான மதிப்பீட்டை வாங்கி, அந்த விலைக்குக் குடும்பத்தில் ஒருவரே பங்கை எடுத்துக்கொள்ள முன்மொழியவும் வழி உண்டு. அப்போது நிலம் குடும்பத்திலேயே தங்கும், பணம் கடனுக்குப் போகும், தம்பியின் பெயரில் பத்திரமும் சுத்தமாக இருக்கும். மறைத்து அடைய நினைத்ததை நேர்வழியில் அடையும் வாய்ப்பு இது. ஆனால் சொத்தை முதலில் சொன்னவருக்குத்தான் இந்தப் பேச்சே தொடங்கும்.

இரு அரசுகளும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஜொகூருக்கு இருக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டுக்கு இல்லாததால், நேர்மையாகச் சொன்னவரின் நிலமும் விற்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது. அத்தகைய ஏற்பாடு வரும்வரை காத்திருக்க உங்கள் கடன் விடாது.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். கடன் 15,000 வெள்ளியை நெருங்கும்போதே கடன் ஆலோசனை சிங்கப்பூர் அமைப்பை அணுகுங்கள். வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றியமைக்க அது உதவுகிறது. மனு போடப்பட்ட பிறகும், நிலையான சம்பளமும் 150,000 வெள்ளிக்கு மேற்படாத கடனும் உள்ளவரை நீதிமன்றம் கடன் திருப்பிச் செலுத்தும் திட்டத்துக்கு அனுப்ப முடியும். அதிகபட்சம் 5 ஆண்டில் கட்டி முடிக்கும் அத்திட்டத்தில் இருப்பவர் நொடித்தவர் ஆவதில்லை, ஊர் நிலமும் அவர் பெயரிலேயே இருக்கும். அதிலும் சொத்து விவரத்தை முழுதாகச் சொல்லியாக வேண்டும். நொடிப்பு ஆணை வந்துவிட்டால், 21 நாள் முடிவதற்குள் ஊரில் இருக்கும் உறவினரிடம் சொல்லிப் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகலை வரவழைத்து, பெயரில் இருப்பது, பங்கில் இருப்பது, தகராறில் இருப்பது மூன்றையும் அறிக்கையில் எழுதுங்கள். கடந்த 3 ஆண்டில் ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். ஊரில் இருக்கும் தம்பிகளுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்: சிங்கப்பூரில் கடனில் இருக்கும் அண்ணன் அவசரமாகப் பத்திரம் போட வந்தால், வழக்கறிஞரைக் கேட்காமல் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டாம்.